மடிப்பாக்கத்திலிருந்து ஒரு மடக்கு மேசை

மடிப்பாக்கம்,
சென்னை.

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும். கையில் ஃபெவிகால் ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொன்னால் நம்புவாயா? முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபிக்கு வரும் பையன் உன்னை அழ வைக்கிறான் என்று எழுதியிருந்தாய். அழு, ஆனால் ஒரு நாளும் விட்டுவிடாதே. என் பெரியப்பா பாதியில் விட்டுவிட்டு, கடைசிவரை மாடிப்படியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

‘மூன்று வருஷமாக மேசை மேசை என்கிறாயே, அது பிறந்ததா இல்லையா’ என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பிறந்துவிட்டது. மடிப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு மடிக்கிற மேசை செய்யாவிட்டால் ஊர் பெயருக்கே அவமானம் இல்லையா!

திருச்சியில் உங்கள் வீட்டு மொட்டைமாடி ஞாபகம் இருக்கிறதா? சாக்பீஸால் ஆறு வரைந்து, தீப்பெட்டியில் கோட்டை கட்டி, புளியங்கொட்டைகளைப் படையாக நிறுத்துவோம். உன் படை தோற்கும் நேரம் பார்த்து உன் அம்மா வடாம் காயப்போட வந்துவிடுவார். அந்தப் பைத்தியம்தான், இப்போது 52 வயதில் பகடை, அளவு டேப், 20 மில்லிமீட்டர் உயர பிளாஸ்டிக் சிப்பாய்கள் என்று மேசைமேல் ஆடுகிற போர் ஆட்டமாக வளர்ந்து நிற்கிறது. இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆறடிக்கு நாலடி இடம் வேண்டும். வார்ஹாமர் 40,000 என்கிற ஆட்டம் ஆடுகிறவர்கள் 2020க்குப் பிறகு 60 அங்குலத்துக்கு 44 அங்குலம் என்று கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்கள். அதுவும் ஆறுக்கு நாலில் அடங்கிவிடும். நாலடி அகலம் என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. இந்தப் பக்கம் நிற்பவன் இரண்டடி எட்டினால் நடுவுக்கு வந்துவிடலாம். அகலம் ஐந்தடியானால் வயிற்றால் நாலு குதிரை வீரர்களைச் சாய்த்துவிட்டுத்தான் நடுவுக்குப் போக முடியும். என் வயிறு உனக்குத் தெரியும்.

தரையிலேயே ஆடலாமே என்பாய். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு விதிகள் எழுதிப் புத்தகமாகப் போட்டபோது தரையில் தவழ்ந்துதான் ஆடினார். அப்போது அவருக்கு 46 வயதுதான். உன் புது முழங்காலையும் என் இடுப்பையும் வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் கூப்பிட வேண்டும்.

சாப்பாட்டு மேசை இருக்கிறது. ஆனால் உன் தங்கச்சி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “அதுமேல சாப்பாடு மட்டும்தான்.” அதில் அவளை மறுத்துப் பேச முடியாது. ஒரு சனிக்கிழமை ஆட்டம் பாதியில் நின்று, ஞாயிறு மதியம் வரை நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

அடுத்து எனக்குத் தோன்றியது கல்யாண மண்டபத்துப் பந்தி மேசை. இரும்புக் கால் மடக்குகிற ரகம், மேலே பேப்பர் ரோல் உருட்டுவார்களே, அதுதான். சாமியானா கடையில் மூன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தேன். சேர்த்துப் போட்டால் மூன்றும் மூன்று உயரம். எத்தனை பந்தி பார்த்ததோ, கால்கள் வளைந்து கிடந்தன. இடையில் விரல் நுழைகிற சந்து. முதல் பகடையே அந்தச் சந்தில் விழுந்தது. போதாததற்கு ஒரு மேசையில் ரசம் வாடை. அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சரி, நாமே செய்வோம் என்று பிளைவுட் கடைக்குப் போனேன். பலகை எட்டடிக்கு நாலடிதான் வரும். நமக்கு ஆறுக்கு நாலு வெட்டினால் இரண்டுக்கு நாலு மிச்சம். (அந்த மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. பிறகு சொல்கிறேன்.) முழுப் பலகை எங்கள் லிப்டுக்குள் நுழையாது, அதனால் கடையிலேயே மூன்றுக்கு நாலு என்று இரண்டு துண்டாக வெட்டி வாங்கிவிட்டேன். 12 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தால் மேல்பலகை மட்டும் சுமார் 17 கிலோ வரும். 6 மில்லிமீட்டர் எடுத்து அடியில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்துக்கொண்டால், சட்டத்தையும் சேர்த்து 14 கிலோவுக்குள் முடியும், பலகையும் தொய்யாது. ஒன்றரை அங்குல ரீப்பர். சுற்றிலும் நாலு, குறுக்கே இரண்டு. இந்த யோசனை என்னுடையது அல்ல, எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் தச்சு அண்ணன் சொன்னது. அடுத்த யோசனை என்னுடையது. அதில்தான் கோட்டை விட்டேன்.

கீலை மேல்பக்கம் வைத்தேன். புத்தகத்தை மூடுவதுபோல் ஆடுகிற முகங்கள் இரண்டும் உள்ளே போய்விடும், கீறல் படாது என்று கணக்கு. நாலடி நீளத்துக்கு பியானோ கீல் (விளிம்பு முழுக்க ஓடுகிற ஒரே நீளக் கீல்) வாங்கி, இழைப்புளியால் பள்ளம் எடுத்து, கீல் பலகையோடு சமமாக உட்காரும்படி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. இரண்டு முனையிலும் குதிரை வைத்து (தச்சர்கள் பலகை தாங்க வைப்பார்களே, அந்த மரக் குதிரை) விரித்தேன். பச்சைத் துணி போட்டாயிற்று. மகள் பகடையை உருட்டினாள். ஆறு பகடையும் நேராக ஓடி நடுவில் வரிசையாக நின்றன. மறுபடி உருட்டினாள், மறுபடி நடுவிலேயே. “அப்பா, இது போர்க்களமா வாய்க்காலா?” என்று கேட்டாள்.

நடு ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. காரணம் புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. உனக்கு இரண்டே நிமிஷத்தில் புரிய வைக்கிறேன். கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வை. உன் பேரனை விட்டு உன் முழங்கையை அடியிலிருந்து மேலே தள்ளச் சொல். கை நிமிர்ந்தபடியே நிற்கும், ஏனென்றால் முழங்கை அந்தப் பக்கம் மடங்காது. இப்போது கையைத் திருப்பி, உள்ளங்கை கீழே பார்க்க, முழங்கை மடிப்பும் கீழே வரும்படி வைத்து, அதேபோல் அடியிலிருந்து மேலே தள்ளச் சொல். சட்டென்று மடங்கிவிடும். மேசையும் அப்படித்தான். இரண்டு முனையில் தாங்கி நிற்கும் பலகையில் பாரம் எப்போதும் நடுவைக் கீழே இழுக்கும். கீல் மேலே இருந்தால் நடு இறங்குவதுதான் அது மடங்கும் திசை. நான் மடிக்காமலே மேசை தானாக மடிய ஆரம்பித்துவிடுகிறது. கீல் அடியில் இருந்தால் நடு இறங்கப் பார்க்கும்போது மேல் விளிம்புகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ‘இதற்குமேல் இல்லை’ என்று நிற்கும், கீழே கீல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏற ஏற இறுக்கம்தான் கூடும்.

தச்சு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். “எனக்குத் தெரியும் சார், நீங்க கேக்கல” என்றார்.

ஆனால் பலகையின் அடிமுகத்தில் கீலை வைத்தால் இன்னொரு தொல்லை: மடிக்கும்போது இரண்டு பக்க ரீப்பர்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், முழுதாக மூடாது. அதனால் கீலைப் பலகையில் வைக்காமல், நடுவில் சேரும் இரண்டு ரீப்பர்களின் அடி விளிம்பில் வைத்தோம். இப்போது மடித்தால் சூட்கேஸ் மாதிரி மூடுகிறது, ரீப்பர் விளிம்பும் ரீப்பர் விளிம்பும் பொருந்தி நிற்கிறது. மொத்தக் கனம் மூன்றரை அங்குலம். உள்ளே மூன்று அங்குல வெற்றிடம் சும்மாவே கிடைத்துவிட்டது. அதில் அட்டை வீடுகள், தெர்மாகோல் மேடுகள், துணி எல்லாம் எலாஸ்டிக் கயிற்றுக்குள் செருகி வைத்திருக்கிறேன். (தெர்மாகோலுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிடாதே. என் முதல் குன்று கண்ணெதிரே கரைந்து குழியாகிவிட்டது. வாட்டர் பெயின்ட்தான் சரி.)

நீ செய்தால் கீல் பொருத்தும்போது இரண்டு பலகையையும் தரையில் குப்புறப் போட்டு, விளிம்போடு விளிம்பு நெருக்கி வைத்துக்கொள். முதலில் இரண்டு முனையிலும் நடுவிலும் மூன்றே ஸ்க்ரூ போட்டு, ஒரு தடவை மடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவை. எல்லாவற்றையும் இறுக்கின பிறகு அரை நூல் கோணல் தெரிந்தால், கழற்றி மாட்டுவதற்குள் ரீப்பர் ஓட்டையாகிவிடும். அனுபவம்.

இதோடு விட்டதா? பெயின்ட் அடித்தபோது சோம்பேறித்தனத்தில் மேல்பக்கம் மட்டும் அடித்தேன், அடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று. அடிப்பக்கம் மழைக்காலத்து ஈரத்தைக் குடித்தது, மேல்பக்கம் குடிக்கவில்லை. ஒரு பாதி அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. ரீப்பர் இருந்ததால் அரை அங்குலத்தோடு போயிற்று. இரண்டு பக்கமும் விளிம்புகளும் ஒரே மாதிரி பூச வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாதியைப் புதிதாகச் செய்தேன்.

கைப்பிடிக் கதையைக் கேட்டால் சிரிப்பாய். சூட்கேஸ் போல் இருக்கிறதே என்று மேலே ஒரு ஸ்டீல் கைப்பிடி மாட்டினேன். மடித்த மேசையின் உயரம் மூன்றடி. அதைப் பிடித்துத் தூக்கினால் தோள்பட்டை காதைத் தொடுகிறது, மேசை தரையை விட்டு அரை அங்குலம்கூட எழவில்லை. இப்போது பழைய கால்மிதி ஒன்றின் மேல் நிறுத்தி, வழுக்கி இழுத்துக்கொண்டு போகிறேன். கைப்பிடி அலங்காரத்துக்கு.

அது போய் நிற்கிற இடம் படுக்கையறை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். நான்கு அங்குலச் சந்து. உண்மையைச் சொன்னால் இந்த மேசைக்கு அளவெடுத்தது போர்க்களத்திலிருந்து அல்ல, அந்தச் சந்திலிருந்துதான். முதல் இரண்டு வருஷம் விரித்தால் எப்படி இருக்கும் என்று படம் படமாகப் போட்டேன், ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் ஒட்டடை அடிக்கும்போது பீரோவுக்குப் பின்னால் டேப்பை வைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரியே வரைபடம் முடிந்துவிட்டது. தினமும் வீடு துடைக்கிற தண்ணீர் பிளைவுட்டின் கீழ் விளிம்பில் ஏறாமலிருக்க, இரண்டு ரீப்பர் துண்டு போட்டு அதன்மேல் நிறுத்தி வைக்கிறேன். சாய்த்து வைப்பதில்லை, சாய்த்தால் அதன் கனத்திலேயே மெல்ல வளையும்.

குதிரைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணி மாதிரி இரண்டு சட்டம், உச்சியில் கீல், கால் அகலாமலிருக்க இடையில் துணி காயப்போடும் நைலான் கயிறு. மேசை 34 அங்குல உயரம் வருகிறது. சாப்பாட்டு மேசை 30தான் இருக்கும். நின்றுகொண்டே ஆடுகிறவனுக்கு அந்த நாலு அங்குலம் முதுகைக் காப்பாற்றுகிறது. கதவுக்குப் பின்னால் மடித்துத் தொங்கவிட்டால் முடிந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, விரித்து, துணி போட எனக்கு நாலு நிமிஷம். திருப்பி வைக்க ஐந்து. மகள் போனில் நேரம் பார்த்துச் சொன்னாள்.

இந்த நிமிஷக் கணக்கு ஏன் என்று கேட்பாய். இதைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு பழைய கதையைப் படித்தேன். ப்ரஷ்யா என்ற பழைய ஜெர்மன் நாட்டில் ரைஸ்விட்ஸ் என்று ஒரு பிரபு. ஈர மணலில் மேடு பள்ளம் பிடித்து, மரக்கட்டைகளைப் படையாக நகர்த்தும் போர் ஆட்டம் ஒன்றை உருவாக்கியிருந்தார். அதைக் கேள்விப்பட்ட மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் தானும் பார்க்க வேண்டும் என்றார். மன்னர் முன்னால் மணல் பெட்டியைக் கொண்டுபோவதா என்று இவருக்குக் கூச்சம். கால அவகாசம் வாங்கிக்கொண்டு, 1812இல் அரண்மனைக்கு ஒரு மேசையையே கொண்டுபோய் இறக்கினார். ஆறடிக்கு ஆறடி அளவில், மரத்தில் செய்த பெரிய சாமான். ஆறும் ஊரும் காடும் வரைந்த தனித்தனிச் சதுரங்களை அதன்மேல் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம், அடுக்காதபோது வைக்க இழுப்பறைகள். அரச குடும்பம் ஆசையாக ஆடியது. ஆனால் அரண்மனையைத் தாண்டி அது போகவில்லை. அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் அதே ஆட்டத்தை அளவுப்படி வரைந்த காகித வரைபடத்துக்கு மாற்றி விதிகளை வெளியிட்டார். ப்ரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது, அதிகாரிகள் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆடினார்கள். அப்பா செய்தது மேசை, மகன் செய்தது மடித்துப் பெட்டியில் வைக்கிறது. என் வீட்டிலும் மேசையை எடுத்து வைக்க அரை மணி நேரம் ஆகுமென்றால், மூன்றாவது வாரம் அதன்மேல் இஸ்திரித் துணி குவிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மிச்சப் பலகைக்கு வருகிறேன். இரண்டுக்கு ஒன்று என்று இரண்டு தட்டு வெட்டி, மேசையின் ஓரத்தில் கொக்கி போட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி செய்தேன். செத்த சிப்பாய்கள், விதிப் புத்தகம், பகடை, காபி டம்ளர் எல்லாம் அங்கேதான். மேசைமேல் காபி வரக்கூடாது என்பது இந்த வீட்டில் நான் போட்ட ஒரே சட்டம்.

முதல் சண்டையாக வந்தவாசியை வைத்தோம். 1760 ஜனவரி 22. அங்கே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், இங்கே பிரெஞ்சுத் தளபதி லாலி. சென்னையிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் போகிற இடத்தில் இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் தலையெழுத்தே மாறியிருக்கிறது, நாம் கோரைப்பாய் வாங்க மட்டும் போய்க்கொண்டிருக்கிறோம். தட்டையான பூமி, குளக்கரை மேடுகள். பழுப்புப் போர்வையை விரித்து, அதற்கடியில் அட்டை செருகினாலே போதும். மகள் பிரெஞ்சுப் பக்கம். நிஜத்தில் லாலியின் இடதுபுறக் குளக்கரையில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து, அங்கிருந்தவர்கள் கலைந்ததுதான் பெரிய திருப்பம். அதற்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன்: இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும். என் முதல் குண்டுக்கே இரண்டு ஆறு விழுந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. அந்தச் சண்டையில் பிடிபட்ட பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இந்த ஆட்டத்திலும் பிடிபட்டார், என்னிடம். “நடுவுல பள்ளமே இல்ல, இருந்தும் ஏமாத்திட்டீங்க” என்று எழுந்து போய்விட்டாள். மேசைக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அதுதான்.

ஆட்டம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. இப்போதைக்கு மேலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டு, ஓரத்தில் அடிக்கு அடி பென்சில் கோடு போட்டு அடையாளம் வைக்கிறேன். மறுநாள் அடுக்க இருபது நிமிஷம் ஆகிறது, அப்புறம் ‘என் பீரங்கி இங்கே இல்லை, அங்கே’ என்று ஒரு சண்டை தனி.

லாலியோடு வந்த மராத்தியக் குதிரைப்படை அன்று பெரிதாகச் சண்டையில் இறங்கவே இல்லை என்பது உனக்குப் பிடிக்கும். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மொட்டைமாடியில் நீ எப்போதும் அதைத்தான் செய்தாய். அதனால் அந்தப் படையை உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் செய்யவில்லை, உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை, உன் காலுக்கு ஏற்றது. கெட்டி அட்டையில் வெட்டி வண்ணம் அடித்து, அடியில் நாணய அளவு வட்டம் ஒட்டு. இருபது குதிரை போதும்.

பொங்கல் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து ரயில் ஏறினால் 22ஆம் தேதிக்குச் சரியாக இருக்கும். உன் தங்கச்சி மிளகு ரசம் வைப்பதாகச் சொல்கிறாள், மகள் ‘மாமா வந்தால் வண்டி விதியை மாத்தணும்’ என்கிறாள். வருவதற்கு முன் உங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் டேப்பை விட்டு எத்தனை அங்குலம் என்று மட்டும் எழுது. இங்கே பட்டறையில் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்ச்சுக்காரன்